ப்ளூரே ப்ளேயர் வாங்கப் போகிறீர்களா? எந்த மாடல் என்பதைக் கடைசியில் கேளுங்கள்

இந்தக் காலத்தில் யாராவது டிஸ்க் ப்ளேயர் வாங்குவார்களா என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். 4கே படம் (1080 எனப்படும் ஃபுல் எச்டியை விட நாலு மடங்கு புள்ளிகள் கொண்டது) ஓட நெட்ஃபிளிக்ஸ் நம்மிடம் கேட்கும் இணைய வேகம் நொடிக்கு 15 மெகாபிட். சாதாரண ப்ளூரேயில், அதாவது 4கே கூட இல்லாத 1080 டிஸ்க்கில், படத்துக்கு மட்டுமே 40 மெகாபிட் வரை இடம் உண்டு. 4கே அல்ட்ரா எச்டி டிஸ்க் என்றால் படமும் ஒலியும் சேர்ந்து 128 மெகாபிட் வரை போகலாம். சுருக்கும் முறைகள் வேறு வேறு என்பதால் எண்ணை மட்டும் வைத்து "எட்டு மடங்கு அழகு" என்றெல்லாம் சொல்ல முடியாது. ஆனால் இருட்டுக் காட்சியில் சுவரெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிவது, புகையும் மழையும் வந்தால் படம் குழம்பிப்போவது, வானத்தில் வண்ணம் பட்டை பட்டையாகப் பிரிவது, இதெல்லாம் டிஸ்க்கில் பெரும்பாலும் இருக்காது. ஒலியில் வித்தியாசம் இன்னும் அதிகம், அதைப் பின்னால் விரிவாகப் பார்ப்போம்.

புதிதாக வருபவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "எந்த ப்ளேயர் நல்லது?" என்றுதான். உண்மையில் அது கடைசிக் கேள்வி. வீட்டில் என்ன டிஸ்க் இருக்கிறது, டிவி எதை ஏற்கும், ஒலி எந்த வழியாகப் போகப்போகிறது என்ற மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் இரண்டு மூன்று மாடல்தான் மிஞ்சும். இந்த மூன்றையும் பார்க்காமல் விலையுயர்ந்த ப்ளேயரை வாங்கி, பத்து வருடம் பழைய சவுண்ட்பாரில் ஆப்டிகல் வயர் வழியாகக் கேட்டால், கொடுத்த பணத்தில் பாதி அந்த வயரிலேயே நின்றுவிடும்.

முதல் படி: அலமாரியைத் திறந்து பாருங்கள்

வட்டு என்று பார்த்தால் எல்லாம் ஒரே அளவுதான், உள்ளே இருக்கும் இடம்தான் வேறு. டிவிடியில் ஒரு அடுக்குக்கு 4.7 ஜிபி, இரண்டு அடுக்கு என்றால் 8.5 ஜிபி. 2006இல் கடைக்கு வந்த ப்ளூரேயில் 25 அல்லது 50 ஜிபி. 2016இல் வந்த அல்ட்ரா எச்டி ப்ளூரேயில் 50, 66, 100 ஜிபி என்று மூன்று வகை. ப்ளூரே ப்ளேயரில் டிவிடி ஓடும், 4கே ப்ளேயரில் ப்ளூரேயும் டிவிடியும் ஓடும், ஆனால் கீழ்நோக்கித்தான், சாதாரண ப்ளூரே ப்ளேயரில் 4கே டிஸ்க்கைப் போட்டால் படிக்கவே படிக்காது. கறுப்பு உறையில் "4கே அல்ட்ரா எச்டி" என்று அச்சடித்திருந்தால் அதற்கென்று தனி ப்ளேயர் வேண்டும். நீல உறை என்றால் சாதாரண ப்ளூரே.

உங்களிடம் இருப்பதெல்லாம் தமிழ்ப்பட டிவிடிகள்தான், இனி புதிதாக வாங்கும் எண்ணமும் இல்லை என்றால் 4கே ப்ளேயர் பக்கமே போக வேண்டாம் என்பது என் கருத்து. மோசர் பேயர் 34 ரூபாய்க்கு டிவிடி விற்ற காலத்தில் வாங்கியவை, பர்மா பஜார் காலத்தில் ஒரே தட்டில் மூன்று படம் அடைத்து வந்தவை, இவற்றில் படமே முதலில் குறைவாகத்தான் பதிவாகியிருக்கும். எவ்வளவு நல்ல ப்ளேயரும் இல்லாத விவரத்தை உருவாக்கித் தராது, கொஞ்சம் வழுவழுப்பாக்கிக் காட்டும், அவ்வளவுதான். மாறாக, ஐங்கரன் போன்ற டிஸ்க் வெளியீட்டாளர்கள் ஒழுங்காகப் போட்ட டிவிடி, ப்ளூரே வைத்திருப்பவர்களுக்கு நல்ல ப்ளேயரில் வித்தியாசம் தெரியும்.

இன்னொன்று, விசிடி. கல்யாண வீடியோ, காதுகுத்து வீடியோ எல்லாம் பல வீடுகளில் இன்னும் விசிடியில்தான் கிடக்கிறது. இன்றைய ப்ளூரே ப்ளேயர்கள் பலவற்றில் விசிடி ஓடாது. வாங்குவதற்கு முன்னால் கையேட்டில் "ஓடும் டிஸ்க் வகைகள்" பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஓடாது என்றால் அந்த விசிடிகளைக் கணினியில் ஏற்றி பென்டிரைவில் வைத்துக்கொள்வதுதான் வழி. அந்தத் தட்டுகள் இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்று தெரியாததால் எப்படியும் செய்ய வேண்டிய வேலைதான் அது.

அப்புறம் மண்டலப் பூட்டு. இது தெரியாமல் வாங்கி மாட்டிக்கொள்பவர்கள்தான் அதிகம். ப்ளூரேக்கு உலகத்தை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். இந்தியா சி. அமெரிக்கா, கனடா, ஜப்பான், சிங்கப்பூர், மலேசியா எல்லாம் ஏ. இங்கிலாந்து, ஐரோப்பா, வளைகுடா நாடுகள், ஆஸ்திரேலியா பி. டிவிடிக்கு இது தனிக் கணக்கு: இந்தியா 5, அமெரிக்காவும் கனடாவும் 1, ஐரோப்பாவும் வளைகுடாவும் 2, சிங்கப்பூரும் மலேசியாவும் 3, ஆஸ்திரேலியா 4. டொராண்டோவில் இருக்கும் சித்தி மகன் ஆசையாக அனுப்பிய ப்ளூரே, சென்னையில் வாங்கிய ப்ளேயரில் "இந்த மண்டலத்தில் ஓடாது" என்று சொல்லி நிற்பது இதனால்தான். நல்ல செய்தி என்னவென்றால் நிறைய டிஸ்க்குகள் எல்லா மண்டலத்துக்கும் பொதுவாகவே வருகின்றன, உறையின் பின்பக்கத்தில் ஏ, பி, சி மூன்றும் போட்டிருக்கும். இன்னும் நல்ல செய்தி, 4கே டிஸ்க்குகளுக்கு மண்டலப் பூட்டே கிடையாது. எந்த ஊரில் வாங்கினாலும் எந்த ஊர் ப்ளேயரிலும் ஓடும். ஆனால் அதே பெட்டிக்குள் கூடவே வரும் 1080 டிஸ்க்கில் பூட்டு இருக்கலாம், கூடுதல் காட்சிகள் பெரும்பாலும் அதில்தான் இருக்கும், கவனம்.

பூட்டைத் திறந்து விற்கப்படும் ப்ளேயர்களும் கிடைக்கும். டிவிடி பூட்டைச் சில மாடல்களில் ரிமோட்டிலேயே எண் அழுத்தித் திறந்துவிடலாம். ப்ளூரே பூட்டுக்குப் பெரும்பாலும் பெட்டியைத் திறந்து உள்ளே சில்லு பொருத்த வேண்டும், கம்பெனி உத்தரவாதம் அதோடு போய்விடும். வெளிநாட்டு டிஸ்க் நிறைய வைத்திருப்பவருக்கு அது நியாயமான விலை. ஒன்றிரண்டு டிஸ்க்குக்காக அதைச் செய்ய வேண்டாம்.

இரண்டாம் படி: டிவி எதை ஏற்கும்?

டிவி 4கேதானா என்பதை விட எவ்வளவு பெரிது, எவ்வளவு தள்ளி உட்காருகிறீர்கள் என்பது முக்கியம். 43 அங்குல டிவியை ஒன்பதடி தூரத்தில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு 1080க்கும் 4கேக்கும் கூர்மையில் வித்தியாசம் தெரிவது சந்தேகம், கண்ணுக்கே அந்தத் தூரத்தில் அவ்வளவு பிரித்துப் பார்க்க வராது. 65 அங்குலத்துக்கு எட்டடிக்குள் உட்கார்ந்தால் தெரிய ஆரம்பிக்கும். புரொஜெக்டர் வைத்திருப்பவர்களுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, அவர்களே தேடி வந்திருப்பார்கள்.

கூர்மையை விட 4கே டிஸ்க்கில் கண்ணில் படுவது எச்டிஆர்தான். விளக்கொளி, தீ, வெயிலில் மின்னும் நகை, இவையெல்லாம் மற்ற இடங்களை வெளுக்கவிடாமல் தனியாக ஒளிரும். இதில் மூன்று வகை: எச்டிஆர்10 எல்லா 4கே டிஸ்க் ப்ளேயரிலும் உண்டு, டால்பி விஷனும் எச்டிஆர்10 பிளஸ்ஸும் கம்பெனிகள் தங்கள் விருப்பத்துக்குச் சேர்ப்பவை. எல்ஜி, சோனி டிவிகளில் டால்பி விஷன் உண்டு, எச்டிஆர்10 பிளஸ் இல்லை. சாம்சங்கில் நேர் எதிர், எச்டிஆர்10 பிளஸ் உண்டு, டால்பி விஷன் இல்லை. ஆக, சாம்சங் டிவி வைத்துக்கொண்டு டால்பி விஷனுக்காகக் கூடுதல் காசு கொடுத்து ப்ளேயர் வாங்குவதில் அர்த்தமில்லை. டிவியின் மாடல் எண்ணை எடுத்துக்கொண்டு கம்பெனி இணையதளத்தில் இந்த ஒரு விவரத்தை மட்டும் பார்த்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை.

மலிவான 4கே டிவிகளில் ஒரு சிக்கல். பெட்டியில் "எச்டிஆர்" என்று ஒட்டியிருப்பார்கள், ஆனால் திரைக்கு அவ்வளவு வெளிச்சம் கொடுக்கும் சக்தி இருக்காது. அப்படிப்பட்ட டிவியில் எச்டிஆர் டிஸ்க்கைப் போட்டால் படம் முழுக்க மங்கலாக, சாயங்காலம் ஆறரை மணி மாதிரி தெரியும். "4கே டிஸ்க் வாங்கினேன், பழைய ப்ளூரேவே பளிச்சென்று இருந்தது" என்று புலம்புபவர்களில் முக்கால்வாசி இந்த வகைதான். இதற்கு ப்ளேயரிலேயே ஒரு மருந்து உண்டு, நாலாம் படியில் சொல்கிறேன்.

டிவியில் எந்த எச்டிஎம்ஐ துளையில் செருகுகிறீர்கள் என்பதும் முக்கியம். 4கே டிஸ்க்கைக் காட்ட அந்தத் துளை எச்டிசிபி 2.2 என்ற காப்புரிமைப் பூட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆரம்பகால 4கே டிவிகள் சிலவற்றில் எல்லாத் துளைகளும் அப்படி இருக்காது.

மூன்றாம் படி: ஒலி எந்த வழியாகப் போகிறது?

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். டிஸ்க்கை இணையத்திலிருந்து உண்மையிலேயே தள்ளி வைப்பது ஒலிதான், அதையே எல்லோரும் கடைசியில் நினைக்கிறார்கள். நெட்ஃபிளிக்ஸில் அட்மாஸ் என்று வருவது டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற சுருக்கிய ஒலி, அதிகபட்சம் நொடிக்கு 768 கிலோபிட். ப்ளூரேயில் வரும் டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ இரண்டும் ஸ்டுடியோவில் கலந்த ஒலியை ஒரு துளி இழக்காமல் தருபவை, பல மெகாபிட் எடுக்கும். அட்மாஸும் டிடிஎஸ்:எக்ஸும் தலைக்கு மேல் இருந்தும் ஒலி வரச் செய்யும் கூடுதல் தகவல்கள், டிஸ்க்கில் இந்த இழப்பில்லாத ஒலியின் மேல் ஏறி வருகின்றன. பறையும் தவிலும் அதிரும் காட்சியில் அடி விழுந்த கணம் நறுக்கென்று இருக்கிறதா, இல்லை கொஞ்சம் மெத்தையில் அடித்த மாதிரி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

ஆனால் இந்த ஒலி உங்கள் ஸ்பீக்கர் வரை போய்ச் சேர வேண்டுமே. நாலு விதமான வீடுகள் இருக்கின்றன.

டிவி ஸ்பீக்கரில் மட்டும் கேட்பவர்: ப்ளேயருக்கு வைத்திருக்கும் பணத்தை எடுத்து முதலில் ஸ்பீக்கர் வாங்குங்கள். இதை விடச் சுருக்கமாகச் சொல்லத் தெரியவில்லை.

ஆப்டிகல் வயரில் சவுண்ட்பார் வைத்திருப்பவர்: அந்த வயரில் பழைய டால்பி டிஜிட்டலும் டிடிஎஸ்ஸும் 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு பாஸ் ஸ்பீக்கர்) வரைதான் போகும், ட்ரூஎச்டி போகாது, அட்மாஸும் போகாது. ஒலி வரும், நன்றாகவும் இருக்கும், ஏனென்றால் ட்ரூஎச்டி தடத்தோடு 640 கிலோபிட் வரை பழைய டால்பி டிஜிட்டல் ஒன்றும் டிஸ்க்கில் சேர்ந்தே வருகிறது, டிடிஎஸ்-எச்டியின் உள்ளேயும் பழைய டிடிஎஸ் ஒளிந்திருக்கிறது. ஆனால் வாங்கியது முழுதாகக் கிடைக்காது.

டிவியிலிருந்து எச்டிஎம்ஐ வழியாக சவுண்ட்பாருக்கு ஒலி எடுப்பவர்: துளையின் மேல் "ஆர்க்" என்று போட்டிருக்கிறதா, "ஈ-ஆர்க்" என்று போட்டிருக்கிறதா பாருங்கள். ஒரு எழுத்துதான் வித்தியாசம், ஆனால் பெரிய வித்தியாசம். வெறும் ஆர்க்கில் இணையத்து அட்மாஸ் வரும், டிஸ்க்கின் ட்ரூஎச்டி வராது. ஈ-ஆர்க்கில் எல்லாம் வரும், அதுவும் டிவி, சவுண்ட்பார் இரண்டிலும் ஈ-ஆர்க் இருந்தால்தான். இதிலும் ஒரு முள் இருக்கிறது. 2018க்குப் பிறகு வந்த சாம்சங் டிவிகள் பலவும், 2020 முதல் 2022 வரை வந்த எல்ஜி டிவிகளும் டிடிஎஸ் ஒலியை ஏற்காதவை. டிவிக்குள் போன டிடிஎஸ் மறுபக்கம் வெளியே வராது. படம் ஓடும், ஊமைப்படமாக. ப்ளேயர் கெட்டுப்போய்விட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஓட வேண்டாம். ப்ளேயரை நேராக சவுண்ட்பாரின் எச்டிஎம்ஐ உள்ளீட்டில் செருகி அங்கிருந்து டிவிக்குப் போனால் சரியாகிவிடும். சவுண்ட்பாரில் உள்ளீடே இல்லை என்றால் ப்ளேயரின் ஒலி அமைப்பை பிசிஎம் (சுருக்கிய ஒலியை ப்ளேயரே விரித்து அனுப்பும் முறை) என்று மாற்றுங்கள், ஈ-ஆர்க் உள்ள வீடுகளில் பெரும்பாலும் 5.1, 7.1 ஆகவே வந்துவிடும், அட்மாஸின் மேல்தளம் மட்டும் கிடைக்காது. ஆகவே சவுண்ட்பார் இன்னும் வாங்காதவர்கள், எச்டிஎம்ஐ உள்ளீடு ஒன்றாவது இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.

ஏவி ரிசீவரும் (ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்குக் கொடுக்கும் ஆம்ப்ளிஃபையர் பெட்டி) தனித்தனி ஸ்பீக்கர்களும் வைத்திருப்பவர்: உங்களுக்காகத்தான் இந்தச் சாதனமே. ப்ளேயரிலிருந்து ரிசீவருக்கு, ரிசீவரிலிருந்து டிவிக்கு, முடிந்தது. ரிசீவர் பழையது, ட்ரூஎச்டி புரியும் ஆனால் 4கே எச்டிஆர் படத்தை உள்ளே விடாது என்றால் அதை விற்க அவசரப்பட வேண்டாம். இரண்டு எச்டிஎம்ஐ வெளியீடு உள்ள ப்ளேயராகப் பார்த்து வாங்கி, ஒன்றை நேராக டிவிக்குப் படத்துக்கும் இன்னொன்றை ரிசீவருக்கு ஒலிக்கும் கொடுங்கள். நல்ல பழைய ரிசீவர்கள் பல இந்த ஒரு தந்திரத்தால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

நாலாம் படி: இப்போது ப்ளேயரைத் தேர்ந்தெடுங்கள்

தேர்வு செய்ய ரொம்ப இல்லை என்பதுதான் நிலைமை. ஒரு காலத்தில் எல்லோரும் புகழ்ந்த ஓப்போ 2018இல் ப்ளேயர் செய்வதையே நிறுத்திவிட்டது. சாம்சங் 2019இல் விலகியது, எல்ஜி 2024இல். பெரிய கம்பெனிகளில் மிஞ்சியிருப்பவை சோனியும் பானசோனிக்கும்தான், மேல்விலையில் மேக்னெட்டர் மாதிரி சிலர்.

சோனியின் யுபிபி-எக்ஸ்700, பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். டால்பி விஷன் உண்டு, எச்டிஎம்ஐ வெளியீடு இரண்டு உண்டு, எச்டிஆர்10 பிளஸ் இல்லை. இதில் ஒரு எரிச்சல், டால்பி விஷனை நாமே அமைப்பில் போய் ஆன் செய்து, அது இல்லாத டிஸ்க்குக்கு மறுபடியும் போய் ஆஃப் செய்ய வேண்டும். ஆனிலேயே விட்டுவிட்டால் சாதாரண எச்டிஆர் படத்தையும் டால்பி விஷன் என்று சொல்லியே டிவிக்கு அனுப்பும், வண்ணம் இயல்பாக இருக்காது. முகப்பில் நேரம் காட்டும் திரையும் கிடையாது. அதற்கு அண்ணன், எக்ஸ்800எம்2. உடம்பு கனமானது, எஸ்ஏசிடியும் டிவிடி-ஆடியோவும் (சிடியை விட நுட்பமான ஒலி பதிந்த இசைத் தட்டுகள்) படிக்கும். கர்நாடக சங்கீதத்துக்கோ மேற்கத்திய செவ்வியல் இசைக்கோ எஸ்ஏசிடி சேர்த்து வைத்திருப்பவர் யோசிக்காமல் இதை எடுக்கலாம்.

பானசோனிக்கில் டிபி-யுபி820தான் நான் பரிந்துரைப்பது, பணம் இடம் கொடுத்தால். டால்பி விஷன், எச்டிஆர்10 பிளஸ் இரண்டும் உண்டு, டிஸ்க்கைப் பார்த்துத் தானே மாறிக்கொள்ளும், 7.1 அனலாக் வெளியீடும் உண்டு. முன்பு மருந்து என்று சொன்னேனே, அது இதில்தான்: எச்டிஆர் ஆப்டிமைசர். உங்கள் டிவியோ புரொஜெக்டரோ எவ்வளவு வெளிச்சம் கொடுக்கும் என்று சொல்லிவிட்டால், டிஸ்க்கின் வெளிச்சத்தை அதற்கேற்ப அடக்கி அனுப்பும், மங்கல் தெளிந்துவிடும். குறை, எஸ்ஏசிடி படிக்காது. இதன் தம்பி யுபி420இல் எச்டிஆர்10 பிளஸ் உண்டு, டால்பி விஷன் இல்லை, அதனால் சாம்சங் டிவி வீட்டுக்குச் சரியாகப் பொருந்தும். பெரியண்ணன் யுபி9000 அழகான பெட்டி, அனலாக் ஒலியும் அருமை, ஆனால் எச்டிஎம்ஐயில் ரிசீவருக்குக் கொடுப்பவருக்கு அந்தக் கூடுதல் விலைக்கு ஈடாகப் பெரிதாக எதுவும் வராது என்பேன்.

வீட்டில் பிளேஸ்டேஷன் 5 இருந்தால், டிஸ்க் போடும் வகையாக இருந்தால், 4கே ப்ளேயர் ஏற்கெனவே இருக்கிறது என்று அர்த்தம். டிஸ்க் போடும் வகை எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸும் 4கே டிஸ்க் ஓட்டும், சீரிஸ் எஸ்ஸில் டிஸ்க் போடவே இடம் இல்லை. பிளேஸ்டேஷன் 5இல் டால்பி விஷன் கிடையாது, 3டி ப்ளூரே ஓடாது, ஆடியோ சிடி கூட ஓடாது என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிளேஸ்டேஷன் 4 ப்ரோவின் விளம்பரத்தில் 4கே இருந்தாலும் 4கே டிஸ்க் அதில் ஓடாது, பழைய பொருள் விற்பவர் என்ன சொன்னாலும் நம்ப வேண்டாம். கொஞ்ச நாள் ஓட்டிப் பார்த்து, டிஸ்க் பழக்கம் நம்மைப் பிடித்துக்கொண்டது என்று உறுதியானதும் தனி ப்ளேயர் வாங்கலாம். கணினியில் 4கே டிஸ்க் ஓட்டலாமா என்று கேட்டால், வேண்டாம். முறையான மென்பொருளுக்கு இன்டெல் சிப்பில் எஸ்ஜிஎக்ஸ் என்ற வசதி வேண்டும், 11ஆம் தலைமுறையிலிருந்து வீட்டுக் கணினிச் சிப்களில் இன்டெல்லே அதை எடுத்துவிட்டது.

ப்ளேயருக்குள் நெட்ஃபிளிக்ஸ், யூடியூப் செயலி இருக்கிறதா என்று பார்த்து வாங்காதீர்கள். டிவியில் இருப்பதே வேகமாக இருக்கும், ப்ளேயர் செயலிகளைக் கம்பெனிகள் புதுப்பிப்பதும் இல்லை. அதற்குப் பதில் யுஎஸ்பி துளையைப் பாருங்கள். எம்கேவி, எச்இவிசி, ஃபிளாக் என்ற படம், ஒலிக் கோப்பு வகைகள் மூன்றும் ஓடுமா, பென்டிரைவை எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்திருந்தால் படிக்குமா என்று கையேட்டில் தேடுங்கள். வெறும் ஃபேட்32 மட்டும் என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை வைக்க முடியாது.

ஐந்தாம் படி: வாங்கும் இடத்தில்

இந்தியாவில் இருப்பவர்களுக்குக் கடைகளில் தேர்வு குறைவு என்பதால் பலரும் அமெரிக்காவிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லிவிடுவார்கள். சொல்வதற்கு முன்னால் ஒன்று. அமெரிக்காவில் விற்கும் ப்ளேயர்கள் சில 120 வோல்ட்டுக்கு மட்டுமே செய்யப்பட்டவை. நம் 230 வோல்ட் பிளக்கில் நேராகச் செருகினால் அன்றோடு சரி. பின்பக்க லேபிளில் "100-240" என்று இருந்தால் கவலை இல்லை, "120" என்று மட்டும் இருந்தால் கூடவே ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். இங்கிலாந்திலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வந்தால் மின்சாரத்தில் பிரச்சினை இல்லை, பிளக்கின் உருவம்தான் வேறு. மண்டலப் பூட்டு மட்டும் அந்தந்த நாட்டினுடையதாக இருக்கும். இங்கே சர்வீஸ் கிடைக்காது என்பதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

பழைய ப்ளேயர் வாங்குபவர்கள் கையில் ஒரு ஆடியோ சிடி, ஒரு டிவிடி, ஒரு ப்ளூரே, முடிந்தால் ஒரு 4கே டிஸ்க், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். சிடியைப் படிப்பது 780 நானோமீட்டர் லேசர், டிவிடியை 650, ப்ளூரேயை 405. ஒன்று பலவீனமாகிவிட்டாலும் மற்றவை நன்றாகவே ஓடும், அதனால் விற்பவர் டிவிடி போட்டுக் காட்டுவதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. படத்தின் நடுப்பகுதிக்கும் கடைசிக் காட்சிக்கும் தாவியும் பாருங்கள். டிஸ்க்கின் வெளி ஓரத்துக்குப் போகும்போதுதான் களைத்த ப்ளேயர் திணறும். தட்டு வெளியே வந்து உள்ளே போகும் சத்தத்தையும் கேளுங்கள்.

எச்டிஎம்ஐ வயருக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டாம். "பிரீமியம் ஹை ஸ்பீடு" என்று முத்திரை உள்ள, 18 ஜிகாபிட் தாங்கும் வயர் போதும், இரண்டு மூன்று மீட்டருக்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. தங்க முலாம், ஒலி மென்மையாகும் என்ற கதைகளைக் கேட்டுச் சிரித்துவிட்டு வாருங்கள். புரொஜெக்டருக்குப் பத்து மீட்டருக்கு மேல் இழுப்பவர்கள் மட்டும் ஃபைபர் வயர் பாருங்கள்.

ஆறாம் படி: செருகிய பிறகு

பெட்டியைப் பிரித்ததும் முதலில் இணையத்தில் இணைத்து மென்பொருளைப் புதுப்பியுங்கள். டிஸ்க்குகளின் திருட்டுத் தடுப்புச் சாவிகள் அவ்வப்போது மாறுவதால் புதுப்பிக்காத ப்ளேயரில் புதுப் படம் ஓடாமல் போகலாம். அடுத்து டிவிக்குப் போங்கள். ப்ளேயர் செருகியிருக்கும் எச்டிஎம்ஐ துளைக்கு மட்டும் ஒரு அமைப்பு இருக்கும், ஒவ்வொரு கம்பெனியும் "மேம்பட்ட", "டீப் கலர்", "இன்புட் சிக்னல் பிளஸ்" என்று ஒவ்வொரு பெயர் வைத்திருப்பார்கள், அதை ஆன் செய்யாவிட்டால் எச்டிஆர் வரவே வராது. டிவியில் படத்தை வழவழவென்று சீரியல் மாதிரி ஆக்கும் மோஷன் வேலைகளை எல்லாம் அணைத்துவிட்டு சினிமா அல்லது ஃபிலிம்மேக்கர் மோடில் வையுங்கள்.

ப்ளேயரில் 24பி வெளியீட்டை ஆன் செய்யுங்கள், சினிமா நொடிக்கு 24 பிரேமில் எடுக்கப்படுவதால் அப்படியே வந்தால்தான் கேமரா நகரும்போது தடுக்கித் தடுக்கிப் போகாது. ஒலியை "பிட்ஸ்ட்ரீம்" (டிஸ்க்கில் இருப்பதை மாற்றாமல் அப்படியே அனுப்புவது) அல்லது "ஆட்டோ" என்று வையுங்கள். அப்புறம் "பிடி ஆடியோ மிக்ஸ்" என்றோ "இரண்டாம் ஒலி" என்றோ ஒரு அமைப்பு எங்காவது ஒளிந்திருக்கும், அதைக் கட்டாயம் ஆஃப் செய்யுங்கள். அது ஆனில் இருந்தால் மெனுச் சத்தத்தையும் விளக்கவுரையையும் கலப்பதற்காக ப்ளேயர் ட்ரூஎச்டியை உடைத்துப் பழைய டால்பியாகவோ டிடிஎஸ்ஸாகவோ மாற்றி அனுப்பும். எல்லாம் சரியாக வாங்கி, சரியாகச் செருகி, ரிசீவரில் மட்டும் "அட்மாஸ்" என்ற எழுத்து வராமல் தலையைப் பிய்த்துக்கொள்பவர்களுக்குப் பெரும்பாலும் இந்த ஒரு பொத்தான்தான் காரணம். இரவில் சத்தத்தைச் சமன்படுத்தும் டிஆர்சி என்பதையும் அணையுங்கள், குழந்தை தூங்கும் வீடு என்றால் இருக்கட்டும்.

டிஸ்க் பாதி படத்தில் நின்று நின்று ஓடினால் பதற வேண்டாம். ப்ளூரேயில் தகவல் இருக்கும் அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில்தான், டிவிடியில் அது 0.6. மேலே கீறல் தாங்கும் பூச்சு இருந்தாலும் கைரேகையும் எண்ணெய்ப் பிசுக்கும் போதும் படிப்பதைக் கெடுக்க. மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்க்கோட்டில் துடையுங்கள், வட்டமாகத் துடைக்காதீர்கள். ப்ளேயரை ரிசீவரின் சூட்டுக்கு மேல் ஏற்றி வைத்திருந்தால் இறக்கி வையுங்கள். இத்தனைக்குப் பிறகும் 100 ஜிபி டிஸ்க்குகள் மட்டும் திணறி, மற்றவை ஒழுங்காக ஓடினால் கோளாறு ப்ளேயரிடம்தான், மூன்று அடுக்கைப் படிக்க அதற்கு வலு இல்லை. எனவே கடைக்காரர் திருப்பி வாங்கிக்கொள்ளும் கெடு முடிவதற்குள், கையில் இருப்பதிலேயே நீளமான ஒரு 100 ஜிபி படத்தைப் போட்டு முதலிலிருந்து கடைசிப் பெயர்ப் பட்டியல் வரை தாவாமல் ஓட்டிப் பாருங்கள், பில்லைப் பத்திரமாக வையுங்கள்.